காற்று மண்டலமும் உலக நாடுகளின் உடன்படிக்கையும்

பல கிராமங்களுக்குப் பொதுவான ஓர் ஏரியின் கரையைப் பழுது பார்க்க வேண்டுமாயின், அவ்வேலையில் எவருக்கு எவ்வளவு பங்கு என்னும் வினா உடனே எழும். ஆயக்கட்டில் அதிக நிலம் உடையவர் அதிக ஆட்களை அனுப்புவதும், சிறிதளவே உடையவர் தமக்கு இயன்றதைச் செய்வதும் குடிமராமத்து முறையில் நியாயமாகக் கருதப்பட்டன. பூமியைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலமும் இத்தகையதொரு பொதுச் சொத்தே ஆகும். ஆயினும் அதற்குக் கரையில்லை, மதகும் இல்லை. ஒரு நாட்டின் ஆலைப் புகையை மற்றொரு நாடு தன் எல்லையில் தடுத்து நிறுத்த இயலாது. ஆகவே, அதனைக் காக்கும் பொறுப்பில் எந்த நாட்டிற்கு எவ்வளவு பங்கு என்பதை முடிவு செய்ய உலக நாடுகள் 1991ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கூடிப் பேசி வருகின்றன.

இப்பேச்சுக்களைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. மாநாடு வெற்றி பெற்றது என்றோ, தோல்வியுற்றது என்றோ படிக்கும் ஒருவருக்கு அங்கு உண்மையில் நடந்தது யாது என்பது விளங்குவதில்லை. இவ்வுடன்படிக்கைகளில் ஒரு சொல் மாறினால் ஒரு நாட்டின் கடமையே மாறிவிடும். அத்தகைய சில சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பொருளையும் அவை தோன்றிய வரலாற்றையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

விஞ்ஞானிகள் கண்டது

கரியமில வாயு முதலிய சில வாயுக்கள் சூரிய ஒளியைத் தடையின்றி உள்ளே விடுகின்றன. ஆனால் பூமியிலிருந்து திரும்பும் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. 1859இல் ஜான் டிண்டால் இதனைப் பரிசோதனைச் சாலையில் ஆராயத் தொடங்கினார். நிலக்கரியை எரிப்பதால் பூமியின் வெப்பநிலை உயரக்கூடும் என்பதை 1896இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் கணக்கிட்டுக் காட்டினார். 1958இல் சார்லஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவின் அளவை இடைவிடாது அளக்கும் பணியைத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

1988இல் உலக வானிலை ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து, இத்துறையின் ஆராய்ச்சி முடிவுகளைத் தொகுத்து மதிப்பிடுவதற்கு அரசாங்கங்களுக்கிடையேயான குழுவொன்றை அமைத்தன. அக்குழுவின் முதல் அறிக்கை 1990இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, இன்று காலநிலை மாற்றம் என வழங்கப்படும் இப்பிரச்னை குறித்து ஓர் உடன்படிக்கையின் நகலைத் தயாரிக்கத் தனிக் குழுவை நியமித்தது.

'பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்புக்கள்'

அக்குழு 1991 பிப்ரவரியில் முதன் முறையாகக் கூடியது. 1992 மே 9ஆம் தேதி நியூயார்க்கில் உடன்படிக்கையின் வாசகத்தை முடிவு செய்தது. அடுத்த மாதம் ரியோ டி ஜெனீரோ மாநாட்டில் அது கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 1994 மார்ச் 21ஆம் தேதி அமலுக்கு வந்தது.

அதன் மூன்றாம் ஷரத்தில் ஒரு சொற்றொடர் உள்ளது. நாடுகளின் பொறுப்புக்கள் 'பொதுவானவை, ஆயினும் வேறுபட்டவை' என்பதும், அவை ஒவ்வொரு நாட்டின் சக்திக்கும் ஏற்றவை என்பதும் அதன் பொருள். பின்னர் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் இச்சொற்றொடருக்குப் பொருள் கூறும் விவாதங்களே எனலாம்.

பொறுப்பு வேறுபட வேண்டியது ஏன்? கரியமில வாயு காற்றில் கலந்த மறுநாளே மறைந்து போவதன்று. அதன் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் நீடித்து நிற்கும். ஆகவே இன்றைய வெப்பத்திற்கு இன்று எரிக்கும் நிலக்கரி மட்டும் காரணமன்று. யந்திரத் தொழில்கள் தோன்றிய காலம் முதல் எரித்தவை அனைத்தும் காரணமாகும். 1850 முதல் வெளியிடப்பட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தது. ஆண்டுக் கணக்கில் இன்று இந்தியா மூன்றாம் இடத்தில் இருப்பினும், தலைக்கு என வகுத்தால் இந்தியர் ஒருவருக்குச் சுமார் 2 டன்னும், அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன்னும் வரும். மொத்தத்தைப் பார்ப்பதா, தலைக்கணக்கைப் பார்ப்பதா, பழைய கணக்கைப் பார்ப்பதா என்பதைப் பொறுத்துப் பங்கு மாறுகிறது.

1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய ஒரு சிறுநூல் இக்கருத்தை வலியுறுத்தியது. உயிர் வாழ்வதற்காக நெல் பயிரிடும் ஏழை உழவனின் வயலிலிருந்து எழும் மீதேன் வாயுவையும், வசதிக்காக ஓட்டப்படும் மோட்டார் வாகனத்தின் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நியாயமன்று என்பது அவர்கள் வாதம். இந்தியப் பிரதிநிதிகளின் நிலைக்கு இவ்வாதம் உறுதுணையாயிற்று.

வாக்கெடுப்பு இல்லாத சபை

இவ்வுடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 197. ஐரோப்பிய ஒன்றியமும் அதில் ஓர் அங்கத்தினர். இத்தனை பேர் கூடும் சபையில் பெரும்பான்மை வாக்கால் தீர்மானம் நிறைவேறும் என ஒருவர் எண்ணலாம். உண்மை அதுவன்று. வாக்கெடுப்புப் பற்றிய விதியில் நாடுகளுக்குள் இணக்கம் ஏற்படவில்லை. 1995இல் பெர்லினில் கூடிய முதல் மாநாட்டிலேயே அவ்விதி ஒத்தி வைக்கப்பட்டது. அதன் பின்னும் அது நிறைவேறவில்லை. ஆகவே எவரும் வெளிப்படையாக மறுக்காத கருத்தே முடிவாகக் கொள்ளப்படுகிறது.

இதனால் இரு விளைவுகள் உண்டாயின. முதலாவது, மிகச் சிறிய தீவு நாடும் பெரிய வல்லரசுக்குச் சமமாகத் தன் மறுப்பைக் கூற முடிகிறது. இரண்டாவது, எல்லோரும் சம்மதிக்கும் வரை சொற்களைத் தளர்த்திக்கொண்டே செல்ல வேண்டியுள்ளது. நகலில் உடன்பாடு ஏற்படாத ஒவ்வொரு சொல்லும் சதுர அடைப்புக் குறிக்குள் இடப்படும். அடைப்புக் குறிகளை ஒவ்வொன்றாக நீக்குவதே பிரதிநிதிகளின் இரவு பகல் வேலை ஆகும்.

ஓஸோன் படலத்தைக் காப்பதற்கு 1987இல் ஏற்பட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் எளிதில் வெற்றி கண்டதன்றோ, இது ஏன் தாமதிக்கிறது என்று மாணவர் கேட்கக்கூடும். அங்கே தடுக்க வேண்டிய பொருள்கள் சில. அவற்றை உற்பத்தி செய்தவர்களும் சிலரே. மாற்றுப் பொருள்களும் விரைவில் கிடைத்தன. இங்கேயோ, மின் நிலையம், ரயில், சிமென்ட் ஆலை, உழவு, அடுப்பு ஆகிய அனைத்தும் கணக்கிற்கு உட்பட்டவை.

கியோட்டோ: எண்களால் ஆன கட்டாயம்

1992ஆம் ஆண்டின் உடன்படிக்கை முன்னேறிய நாடுகளுக்குக் கட்டாயமான எண் எதனையும் விதிக்கவில்லை. இக்குறையை நீக்கவே 1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஓர் ஒப்பந்தம் நிறைவேறியது. 2008 முதல் 2012 முடிய உள்ள ஐந்தாண்டுகளில் முன்னேறிய நாடுகள் தம் வாயு வெளியீட்டை 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து மொத்தத்தில் சுமார் 5 சதவிகிதம் குறைத்தல் வேண்டும் என அது விதித்தது. வளர்ந்து வரும் நாடுகளுக்கு எண் எதுவும் விதிக்கப்படவில்லை. 'வேறுபட்ட பொறுப்பு' என்னும் சொல்லுக்கு இதுவே மிகத் தெளிவான உருவம் ஆகும்.

ஆயினும், கட்டாயம் என்பது அதனை ஏற்றவரை மட்டுமே கட்டும். வளர்ந்து வரும் நாடுகளும் கடமை ஏற்றாலன்றி இத்தகைய ஒப்பந்தம் கூடாது என்று அமெரிக்க செனட் சபை 1997 ஜூலையில் 95 வாக்குகளுடன், எதிர்ப்பின்றித் தீர்மானித்திருந்தது. அமெரிக்கா கையொப்பமிட்டும் ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்யவில்லை. ரஷ்யா ஊர்ஜிதம் செய்த பின்னரே, 2005 பிப்ரவரி 16ஆம் தேதி, அது அமலுக்கு வந்தது. கனடா பின்னர் விலகிக்கொண்டது. இதற்கிடையில் சீனாவின் தொழில் உற்பத்தி பெருகி, ஆண்டு வெளியீட்டில் அந்நாடு முதலிடத்தை அடைந்தது. உலகை இரண்டாகப் பிரித்த பழைய கோடு அப்படியே நிலைக்க முடியாதென்பது தெளிவாயிற்று.

'ஏற்கிறது' என்பதும் 'கவனத்தில் கொள்கிறது' என்பதும்

கியோட்டோவுக்குப் பின் வரவேண்டிய ஒப்பந்தத்திற்காக 2009 டிசம்பரில் கோபன்ஹேகனில் நாடுகள் கூடின. இறுதியில் அமெரிக்கா, சீனா, இந்தியா, பிரேஸில், தென் ஆப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தலைவர்கள் தமக்குள் பேசி ஒரு வாசகத்தை உருவாக்கினர். சில நாடுகள் அதனை மறுத்தமையால், மாநாடு அதனை 'ஏற்கிறது' என எழுத முடியவில்லை. 'கவனத்தில் கொள்கிறது' என்றே எழுதப்பட்டது. முன்னதற்குச் சட்ட வலிமை உண்டு, பின்னதற்கு இல்லை. எனினும், 2020க்குள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாக முன்னேறிய நாடுகள் கூறியது இவ்வாசகத்தில்தான்.

2011இல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூடிய மாநாடு குறித்த நாளில் முடியாமல் மேலும் இரு நாட்கள் நீண்டது. வருங்கால ஒப்பந்தம் எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டுமா என்பதே அங்கு எழுந்த வினா. அக்காலத்தில் இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன். நியாயப் பங்கீட்டின் அடிப்படை கைவிடப்படலாகாது என அவர் வாதித்தார். இறுதியில் ஐரோப்பியப் பிரதிநிதிகளும் இந்தியப் பிரதிநிதிகளும் சபையின் நடுவிலேயே கூடி நின்று பேசி, 'சட்ட வலிமையுடைய, ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு' என்னும் சொற்களில் உடன்பட்டனர். பாரிஸுக்கு வழி திறந்தது இச்சொற்களே.

பாரிஸ்: 'வேண்டும்' என்பதும் 'தகும்' என்பதும்

2015 டிசம்பர் 12ஆம் தேதி நிறைவேறிய பாரிஸ் ஒப்பந்தம் முறையையே மாற்றியது. எண்ணை மாநாடு விதிப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தனக்கு இயன்றதைத் தானே அறிவிக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை புதிய உறுதிமொழியை அளிப்பதும், செய்ததை ஒரே விதமாக அறிக்கையிடுவதும் கடமையாயின. அறிவித்த அளவை எட்டுவது சட்டப்படி கட்டாயமன்று.

அன்று மாலை இறுதி வாசகம் வெளியானபோது, நான்காம் ஷரத்தின் ஓரிடத்தில் 'ஷல்' என்னும் ஆங்கிலச் சொல் இருப்பது கண்டறியப்பட்டது. முன்னேறிய நாடுகள் தம் பொருளாதாரம் முழுவதற்குமான வெளியீட்டுக் குறைப்பில் முன்னின்று 'செய்தல் வேண்டும்' என்பது அதன் பொருள். முந்தைய நகல்களில் அவ்விடத்தில் இருந்தது 'ஷுட்', அதாவது 'செய்வது தகும்' என்னும் சொல். கட்டாயச் சொல் நின்றால் செனட்டின் சம்மதம் தேவைப்படும். அது கிடைக்காது என அமெரிக்கப் பிரதிநிதிகள் அறிந்திருந்தனர். சபை நெடுநேரம் காத்திருந்தது. பின்னர் அச்சொல் ஒரு பிழைத் திருத்தமாகப் படிக்கப்பட்டு மாற்றப்பட்டது; ஒப்பந்தமும் நிறைவேறியது.

மற்றோர் இடத்தில் சிறிய நாடுகளின் குரல் வென்றது. வெப்பநிலை உயர்வை 2 டிகிரி சென்டிகிரேடுக்கு வெகுவாகக் கீழே நிறுத்துவது நோக்கமாயினும், 1.5 டிகிரிக்குள் கட்டுப்படுத்த முயல்வது என்பதும் சேர்க்கப்பட்டது. அரை டிகிரி அற்பமெனத் தோன்றலாம். 1.5 டிகிரி உயர்ந்தால் உலகின் பவளத் திட்டுகளில் 70 முதல் 90 சதவிகிதமும், 2 டிகிரி உயர்ந்தால் 99 சதவிகிதத்திற்கு மேலும் அழியக்கூடும் என்பது 2018இல் வெளிவந்த விஞ்ஞானிகள் குழுவின் மதிப்பீடு. நம் லட்சத்தீவுகள் பவளத்தால் ஆனவை என்பதை நினைவில் கொண்டால் அந்த அரை டிகிரியின் மதிப்பு விளங்கும்.

2016 அக்டோபர் 2ஆம் தேதி இந்தியா இவ்வொப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்தது. 2030க்குள் மின் உற்பத்தித் திறனில் 40 சதவிகிதம் நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு அல்லாத வழிகளில் அமையும் என்று முதலில் அறிவித்த இந்தியா, 2022இல் அதனை 50 சதவிகிதமாக உயர்த்தியது. அவ்விலக்கை 2025இலேயே எட்டிவிட்டது.

பாரிஸுக்குப் பின்

2021இல் கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி நேரத்தில், நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக ஒழித்தல்' என்பதற்குப் பதிலாகப் 'படிப்படியாகக் குறைத்தல்' என்னும் சொல்லை இந்தியா முன்மொழிந்தது. தீவு நாடுகள் வருத்தம் தெரிவித்தன. நிலக்கரி ஒன்றை மட்டும் குறிப்பிட்டு, எண்ணெயையும் இயற்கை வாயுவையும் விட்டுவிடுதல் வளர்ந்து வரும் நாடுகளுக்கு இழைக்கும் அநீதி என்பது இந்தியாவின் விளக்கம். இரு தரப்பினர் வாதத்திலும் உண்மை இருந்தது. 2023இல் துபாயில், இம்மூன்று எரிபொருள்களையும் உள்ளடக்கி, அவற்றிலிருந்து 'விலகிச் செல்லுதல்' என்னும் சொல் முதன் முறையாக ஏற்கப்பட்டது.

2024இல் பாகு நகரில் பண உதவி பற்றிய பேச்சு நடந்தது. வளர்ந்து வரும் நாடுகள் வேண்டியது ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர். 2035க்குள் முன்னேறிய நாடுகள் முன்னின்று திரட்டுவதாக எழுதப்பட்டது 30,000 கோடி டாலர். தன் மறுப்பைக் கேளாமலே தீர்மானம் நிறைவேற்றப்பட்டது என்று இந்தியா அச்சபையிலேயே கண்டித்தது. அமெரிக்காவோ, பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020இல் விலகி, 2021இல் மீண்டும் சேர்ந்து, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகும் முடிவை அறிவித்தது.

நாடுகள் இதுவரை அளித்துள்ள உறுதிமொழிகள் அனைத்தையும் கூட்டினாலும் குறித்த எல்லைக்குள் வெப்பம் நிற்பதற்குப் போதா. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 முடிய இருந்த சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என உலக வானிலை ஸ்தாபனம் தெரிவித்தது. ஓராண்டின் கணக்கைக் கொண்டு 1.5 டிகிரி எல்லை கடந்துவிட்டது என முடிவு கட்டுதல் ஆகாது. நீண்ட காலச் சராசரியே அளவுகோல். ஆயினும் எச்சரிக்கை தெளிவானது.

களத்தின் அளவையும் மாநாட்டின் வாதமும்

கட்டாயம் குறைந்த ஓர் ஒப்பந்தத்தில் எஞ்சி நிற்கும் வலிமை கணக்கே ஆகும். ஒவ்வொரு நாடும் உண்மையான கணக்கைக் காட்டினால்தான் ஒருவர் மற்றவரைக் கேள்வி கேட்க முடியும். இதற்கு இந்தியாவிலேயே தக்க உதாரணம் உண்டு.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 70 லட்சம் டன் மீதேன் வாயு வெளிவருவதாக ஒரு வெளிநாட்டு மதிப்பீடு கூறியது. அது நிலைத்திருந்தால், உலக வெப்பத்திற்கு நம் உழவர் பெரும் காரணம் என்னும் வாதம் வலுப்பெற்றிருக்கும். 1991இல் புது டெல்லியின் தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ராவின் தலைமையில், விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளிலும் நெல் வயல்களில் பெட்டிகளைக் கவிழ்த்து, அவற்றுள் சேரும் வாயுவை அளந்தனர். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். அதாவது முன் கூறியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வேறு நாட்டு வயல்களின் அளவை இந்திய வயல்களுக்கும் பொருத்தியதால் நேர்ந்த பிழை இவ்வாறு திருத்தப்பட்டது. நீர் இடைவிடாது தேங்கி நிற்கும் வயலும், மழையை நம்பி இடையிடையே காயும் வயலும் ஒன்றல்ல என்பதைக் களத்தில் நின்றவர்களே காட்ட முடிந்தது.

உழவர் சார்பில் மாநாட்டில் பேசிய பிரதிநிதிக்குக் கையில் ஆதாரம் கொடுத்தது சேற்றில் இறங்கி எடுத்த அந்த அளவையே. 2004இல் இந்தியா அனுப்பிய முதல் தேசிய அறிக்கை முதற்கொண்டு, வயல், கால்நடை, காடு ஆகியவற்றின் கணக்குகள் தொடர்ந்து இடம் பெற்று வருகின்றன. ஒரு வட்டாரத்தின் பயிர்ப் பரப்பையும் பாசன முறையையும் கால்நடை எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதும் ஊழியர், தம் ஏட்டில் உள்ள எண் எங்கெங்கோ கூடிப் பெருகி உலக சபையின் மேஜைக்குச் செல்வதை உணர்தல் நலம். உத்தேசமாக எழுதிய எண் நாட்டின் வாதத்தைப் பலவீனப்படுத்தும். அளந்து எழுதிய எண் அதற்கு அரணாக நிற்கும்.

வினாக்கள்

1. கரியமில வாயு நெடுங்காலம் காற்றில் தங்குவதற்கும் 'வேறுபட்ட பொறுப்பு' என்னும் கொள்கைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

2. கியோட்டோ ஒப்பந்தத்தின் முறையும் பாரிஸ் ஒப்பந்தத்தின் முறையும் எவ்வாறு வேறுபடுகின்றன? ஒவ்வொன்றிலும் உள்ள ஒரு நன்மையையும் ஒரு குறையையும் கூறுக.

3. வாக்கெடுப்பு இன்றி முடிவு செய்யும் முறையால் சிறிய நாடுகளுக்கு உண்டாகும் நன்மை யாது? உடன்படிக்கையின் வாசகத்திற்கு உண்டாகும் தீமை யாது?

4. மொத்த அளவு, தலைக்கணக்கு, பழைய கணக்கு ஆகிய மூன்றில் எதனைக் கொண்டு பொறுப்பைப் பங்கிடுதல் தகும்? மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, எல்லோரும் சம்மதிக்கும் ஒரே வாக்கியத்தை எழுதச் செய்க. சம்மதம் கிடைக்காத சொற்களை அடைப்புக் குறிக்குள் இடுக.